தையல் யூனிட்டுக்கு கரண்ட் மிச்சம் பண்ண கவர்மென்ட் மானியம், யாராச்சும் வாங்கியிருக்கீங்களா?

வண்ணாரப்பேட்டை_பையன்:
வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டைல வாடகை பில்டிங், மொட்டைமாடில ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டு 14 மெஷின் ஓடுது, எல்லாமே பழைய கிளட்ச் மோட்டார். ஏப்ரல் வந்தா மதியம் உள்ள நிக்க முடியாது, அக்காங்க ஈரத்துணிய கழுத்துல போட்டுட்டு தைக்கிறாங்க. அயர்னிங் பாய்லரும் கரண்ட்லதான். போன பில் பாத்து ஆடிப்போயிட்டேன். கவர்மென்ட்ல கரண்ட் மிச்சம் பண்ற மெஷினுக்கு பாதி காசு தராங்கன்னு தெரிஞ்சவர் சொன்னாரு, சர்வோ மோட்டார் கடைல விலை கேட்டு வச்சிருக்கேன், இந்த வாரம் வாங்கிட்டு பில்லோட அப்ளை பண்ணா கிடைக்குமா? ஷீட்டுக்கும் எதாச்சும் உண்டா?

அம்பத்தூர்_லேத்:
தம்பி, வாங்கிடாதீங்க, நில்லுங்க!! நீங்க சொல்றது தமிழ்நாடு எம்எஸ்எம்இ (சிறு, குறு, நடுத்தர தொழில்) துறையோட பீஸ் (PEACE) ஸ்கீம். மொதல்ல எனர்ஜி ஆடிட் பண்ணனும், அதாவது கரண்ட் எங்க வீணாகுதுன்னு அளந்து பாக்கறது, அதுவும் பிஇஇ (மத்திய அரசோட எரிசக்தி சிக்கன அமைப்பு) சர்டிஃபிகேட் இருக்கற ஆடிட்டர் வச்சு, அந்த ரிப்போர்ட்ல அவர் மாத்த சொல்ற மெஷினுக்குத்தான் மானியம். ஆடிட் செலவுல 75% திரும்ப தருவாங்க, அதிகபட்சம் 1 லட்சம். மெஷின் மாத்துறதுக்கு 50%, அதிகபட்சம் 10 லட்சம். ஆனா எல்லாமே நம்ம காசு போட்டு முடிச்சப்புறம் திரும்ப வர்றதுதான், கைல காசு இல்லாம இறங்கினா கஷ்டம். நான் கம்ப்ரசர் மாத்தினப்ப வட்டிக்கு வாங்கிதான் ஓட்டினேன், பணம் வந்துச்சு, ஆனா நான் நெனச்ச மாசத்துல வரல. உத்யம், அதான் சிறுதொழில் பதிவு சர்டிஃபிகேட், இருக்கா? அது இல்லாம ஒண்ணும் நகராது. சென்னைக்கு கிண்டி எஸ்டேட்ல இருக்கற மண்டல இணை இயக்குநர் ஆபீஸ்தான், நேர்ல போய் ஒருதடவை பேசிடுங்க.

நூல்கண்டு:
அண்ணா சொல்றது கரெக்ட்தான், ஆனா 14 மெஷினுக்கு இவ்ளோ அலையணுமா? மோட்டார் ஒண்ணு 5 ஆயிரம்னு வச்சா 70 ஆயிரம், பாதி வந்தா 35. ஆடிட்டருக்கு குடுக்கறதுல கால்வாசி உங்க கைய விட்டுதான் போகும், ஜிஎஸ்டி, அலைச்சல், ஜெராக்ஸ் வேற. எங்க யூனிட்ல வாட்ஸ் மீட்டர் மாட்டி பாத்தேன், கிளட்ச் மோட்டார் பெடல் மிதிக்காம சும்மா உறுமிட்டு இருக்கும்போதே 150 கிட்ட காட்டுச்சு, பொண்ணு பீஸ் திருப்பி வைக்கறா, நூல் கோக்கறா, அந்த நேரம் பூரா ஓடிட்டேதான் இருக்கு. சர்வோ மிதிச்சாதான் சுத்தும், நிறுத்தினா முள்ளே அசையல. முக்கியமா அந்த ங்ங்ங்னு சத்தம் போயிடுச்சு, இப்ப ரேடியோ கேக்குது 😄 மாசத்துக்கு ரெண்டு மெஷினா மாத்துங்க, அதுவே காசை எடுத்துரும்.

அம்பத்தூர்_லேத்:
மோட்டார் மட்டும்னா நீங்க சொல்றது சரி. அவருக்கு பாய்லர் இருக்கே, அதுதான் பெரிய தீனி. அதையும் சேத்து மாத்தறதா இருந்தா ஆடிட் வொர்த். தம்பி, ஸ்டீம் பைப் மேல சுத்தினது பிஞ்சு தொங்குதா பாருங்க, அந்த சூடு பூரா உங்க ரூமுக்குள்ளதான் வருது.

மாடிவீட்டுக்காரன்:
ஷீட்டுக்கு இதுல கிடைக்காது, இது மெஷின் மாத்துறதுக்கு, இல்லனா இருக்கற மெஷின்லயே பார்ட் மாத்தி ரெட்ரோஃபிட் பண்றதுக்கான ஸ்கீம். நல்லா கழுவிட்டு வெள்ள கூல் பெயின்ட் ரெண்டு கோட் அடிங்க, வெயிலுக்கு முன்னாடியே. வாடகை பில்டிங்னா ஓனர்கிட்ட பாதி கேளுங்க, காலி பண்ணும்போது மோட்டாரை கழட்டிட்டு போலாம், பெயின்ட சுரண்டிட்டா போவீங்க? டிவில வர்ற சூர்ய கர் சோலார் மானியத்த நம்பாதீங்க, 78 ஆயிரம்லாம் வீட்டுக்குத்தான். அப்புறம் ஈபி அட்டைல டேரிஃப் என்ன போட்டிருக்கு? நிறைய பேர் தெரியாம கடை ரேட்ல கட்டிட்டு இருக்காங்க.

வண்ணாரப்பேட்டை_பையன்:
இப்பதான் அட்டைய எடுத்து பாத்தேன், டேரிஃப் 5!!! ஓனர் முன்னாடி கீழ கடை வச்சிருந்தாராம்.

மாடிவீட்டுக்காரன்:
போச்சுடா. அது கமர்ஷியல். 12 கிலோவாட்டுக்குள்ள இருக்கற குடிசை, குறுந்தொழிலுக்கு டேரிஃப் 3ஏ1, அதுக்கு மேல 3பி. பாய்லரையும் சேத்து லோடு எவ்ளோன்னு எலக்ட்ரீசியன வச்சு கணக்கு போட்டுக்கோங்க. கனெக்‌ஷன் ஓனர் பேர்ல இருக்கும், அவர் கையெழுத்து இல்லாம ஆவாது. திங்கக்கிழமை மொதல்ல ஈபி செக்‌ஷன் ஆபீஸ், அப்புறமா கிண்டி.