டிரம் மெஷின் வெச்சு பங்க் ராக்: கிக் சத்தமே காணோம்

கேள்வி: ரெண்டு கிட்டார், ஒரு பேஸ், போன்ல டிரம் ஆப். காட்பாடியில ஒரு ஹால்ல வாசிக்கணும். ஹெட்போன்ல நல்லா கேக்குது, மிக்ஸர்ல போட்டா கிக் (கால்ல மிதிச்சு அடிக்கிற பெரிய டிரம்), ஸ்னேர் (படபடன்னு கேக்கிற சின்ன டிரம்) ரெண்டும் மறைஞ்சிடுது. ஏன்ணா?

பதில் 1: ஒயர்தான் தம்பி. போனோட ஸ்டீரியோ பின்னை மிக்ஸரோட பேலன்ஸ்டு ஜாக்ல (ரெண்டு ஒயர் சிக்னலோட வித்தியாசத்தை மட்டும் எடுக்கிற ஓட்டை) குத்தினா இடதுல இருந்து வலது கழிஞ்சிடும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வர்ற, நடுவுல இருக்கிற கிக், ஸ்னேர் காலி. ஒய்-கேபிள் (இடது, வலதை ரெண்டு பின்னா பிரிக்கிற ஒயர்) வாங்கி ரெண்டு சேனல்ல போடு.

பதில் 2: பேஸ் கிட்டார்ல 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ இருக்கிற அடி சத்தத்தை வெட்டிடுப்பா, இல்லன்னா கிக் சேறாயிடும். ஸ்னேருக்கு லேசா டிஸ்டார்ஷன் (கரகரப்பு). பிக் பிளாக்னு ஒரு அமெரிக்க பேண்ட், ரோலண்ட் டிஆர்-606 டிரம் மெஷின் வெச்சுத்தான் அந்த முரட்டு அடி அடிச்சாங்க. டிரம்மர் பேரும் 'ரோலண்ட்'னே போட்டாங்க, குசும்பு!

பதில் 3: போனை ஏரோபிளேன் மோடுல போடுங்க. பாட்டுக்கு முன்னாடி 4 ஹை-ஹேட் (ஜோடித் தட்டு) அடி எண்ணிக்கையா வைக்கணும், எல்லாரும் சேர்ந்து ஆரம்பிக்க. மானிட்டர் (வாசிக்கிறவங்களுக்குக் கேக்க மேடையில வைக்கிற ஸ்பீக்கர்) கண்டிப்பா வேணும். மெஷின் யாருக்காகவும் நிக்காது.