ஜூன் 1-ஆம் தேதி பிறந்த 11 பிள்ளைகள்

வகுப்பறைப் பிறந்தநாள்களைப் பற்றி இங்கே பகிர்ந்துகொண்ட பலரும் மிட்டாயைப் பற்றியும் கேக்கைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். மும்பை தாராவிப் பகுதியில் ஒரு தமிழ்வழி மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில் பல ஆண்டுகள் ஆசிரியையாக இருந்த எனக்கு நேர்ந்த சிக்கல் வேறு. பிறந்தநாள் எது என்பதே அங்கே தெரியவில்லை.

2013-ஆம் ஆண்டு ஜூனில் மூன்றாம் வகுப்பு என் பொறுப்பில் வந்தது. மொத்தம் 38 பிள்ளைகள். பள்ளிப் பதிவேட்டைப் பார்த்து, மாதத்துக்கு ஒரு கட்டமாகப் பெரிய அட்டையில் பிறந்தநாள்களை எழுதிச் சுவரில் மாட்டினேன். எழுதி முடித்தபோது ஜூன் கட்டத்தில் இடம் போதவில்லை. 11 பெயர்களுக்கு நேரே ஜூன் 1 என்று இருந்தது. பள்ளியில் சேர்க்க வந்த பெற்றோரிடம் பிறப்புச் சான்றிதழ் இல்லையென்றால், கல்வியாண்டு ஜூனில் தொடங்குவதால் ஜூன் 1 என்று எழுதிக்கொள்வது நெடுங்கால வழக்கம். சான்று இல்லை என்பதற்காக எந்தக் குழந்தையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்வது மிக நல்ல ஏற்பாடு. ஆனால் ஏதாவது ஒரு தேதியை எழுதித்தானே ஆக வேண்டும்? மும்பையில் கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறப்பது ஜூன் நடுவில். ஜூன் 1-ஆம் தேதி எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் திருநெல்வேலிப் பக்கத்துச் சொந்த ஊர்களில் இருப்பார்கள்.

அட்டையை மாட்டிய அன்றே முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, "டீச்சர், என் பொறந்தநாளு எப்பவும் லீவுலேயே வந்துட்டுப் போயிடுது" என்றாள். அவள் குறைபட்டுக்கொள்ளவில்லை, தகவலாகத்தான் சொன்னாள். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. பிறந்தநாளன்று சீருடை இல்லாமல் வண்ண உடையில் வருவதும், மிட்டாய்ப் பொட்டலத்தோடு மற்ற வகுப்புகளுக்குப் போய் ஆசிரியர்களுக்குக் கொடுப்பதும், அதற்குத் துணையாக ஒரு தோழியைத் தானே தேர்ந்தெடுப்பதும் அந்த வயதில் எவ்வளவு பெரிய காரியங்கள் என்று நம் எல்லோருக்கும் தெரியும். மிட்டாயைவிட அந்தத் துணைக்குத்தான் மதிப்பு அதிகம். "என்னைக் கூட்டிட்டுப் போவியா?" என்ற பேச்சு ஒரு வாரத்துக்கு முன்பே தொடங்கிவிடும். இந்த 11 பேரும் துணையாகப் போயிருக்கிறார்களே தவிர, யாரையும் துணைக்கு அழைத்ததில்லை.

அந்தப் பெண்ணின் வீட்டுக்கு ஒரு மாலை போனேன். அவளுடைய அம்மா விடியற்காலையில் இட்லி அவித்து விற்பனைக்குக் கொடுப்பவர். நான் கேட்டு முடிப்பதற்குள், "வெள்ளம் வந்த அன்னைக்கு ராத்திரி டீச்சர்" என்றார். மும்பைக்காரர்களுக்கு எந்த வெள்ளம் என்று சொல்ல வேண்டியதில்லை. 2005 ஜூலை 26, செவ்வாய்க்கிழமை; சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவான நாள். கீழே இடுப்பளவு தண்ணீர், மின்சாரம் இல்லை. செங்குத்தான இரும்பு ஏணியில் நிறைமாதத்தோடு மேல்தளத்துக்கு ஏறி, நனையாமல் தூக்கி வைத்திருந்த அரிசி மூட்டைகளின்மேல் சாய்ந்து கிடந்து, எதிர்வீட்டு ஆச்சியின் துணையோடு பிள்ளையைப் பெற்றிருக்கிறார். எந்த மூட்டை எங்கே இருந்தது என்று கையைக் காட்டி அவர் சொன்னதை நான் மறக்கவே மாட்டேன். இவ்வளவு துல்லியமாக நினைவில் இருக்கும் ஒரு பிறப்பு, பதிவேட்டில் 55 நாள் முன்னதாக எழுதப்பட்டிருந்தது.

பள்ளிச் சேர்க்கையின்போது அவரிடம் யாரும் இப்படி உட்கார்ந்து கேட்கவில்லை. பதிவேட்டிலும் மாற்றித் தருவீர்களா என்று கேட்டார். ஓராண்டுக்கு மேல் தாமதமான பிறப்பைப் பதிய 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாஜிஸ்திரேட்டின் ஆணை வேண்டும் என்று விளக்கினேன். அதற்காக அலைந்தால் வேலை கெட்டுவிடும் என்றார். அதை நானே முன்னின்று செய்து கொடுக்காதது இன்றுவரை என் மனக்குறை. சுவர் அட்டையை மட்டும்தான் என்னால் திருத்த முடிந்தது.

அவ்வாண்டு ஜூலை 26 வெள்ளிக்கிழமை. பச்சைப் பாவாடை சட்டையில் வந்தாள். மிட்டாய்க்குப் பதிலாக எவர்சில்வர் தூக்கில், மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய சின்னச் சின்ன இட்லிகளை அவளுடைய அம்மா கொடுத்தனுப்பியிருந்தார். வாழ்த்திய பிறகு, தங்கள் வீட்டிலும் வெள்ளம் வந்த கதையைப் பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினார்கள். கணக்குப் பாடத்தை எடுத்து வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு, கடையில் வாங்கித்தான் தர வேண்டும் என்ற எண்ணம் அந்த வகுப்பில் தானாகவே குறைந்தது.

மற்ற வீடுகளிலும் விசாரித்தேன். சிலர் தேதியையே சொன்னார்கள். சிலர், அம்மன் கோயில் கொடை முடிந்த எட்டாம் நாள் என்பதுபோலச் சொன்னார்கள். மூன்று பேருக்குத் தமிழ் மாதமும் நட்சத்திரமும் மட்டுமே நினைவில் இருந்ததால், தினசரி நாள்காட்டியைப் பார்த்து அந்த ஆண்டுக்குரிய நாளைக் குறித்துக்கொண்டோம். அது ஆண்டுதோறும் தள்ளித் தள்ளி வரும் என்பதைப் பிள்ளைகளுக்குப் புரிய வைக்கத்தான் பெரும்பாடாகிவிட்டது.

பதினோராவது பையனுடைய பாட்டி, நான் கேட்டதும் முகம் சிவந்துவிட்டார். "அவன் நெசமாவே ஜூன் ஒண்ணுதான் பொறந்தான்" என்று தகரப் பெட்டியைத் திறந்து, சயான் மருத்துவமனைச் சீட்டை என் கையில் கொடுத்தார். எல்லாமே ஒப்புக்கு எழுதிய தேதிகள் என்று நானாக முடிவு கட்டியிருந்தது தவறு என்று அவரிடம் சொல்லி வருத்தம் தெரிவித்தேன்.

அடுத்த ஆண்டு பள்ளி திறந்த முதல் நாளில் அவனுக்குக் கொண்டாடினோம். ஊரிலிருந்து முந்தின நாள்தான் ரயிலில் வந்து இறங்கியிருந்தான். பெட்டியில் மடித்து வைத்த கோடுகள் சட்டையில் அப்படியே இருந்தன. மற்ற வகுப்புகளுக்குத் துணையாக யாரை அழைத்துப் போகிறாய் என்று கேட்டேன். வெள்ளத்தன்று பிறந்தவளைக் கைகாட்டினான்.