குடும்ப வரலாற்றுப் பக்கங்களுக்கு ஸ்கீமா: தேதியிலும் இனிஷியலிலும் சிக்கல், உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே, எங்கள் குடும்ப வரலாற்றை ஆளுக்கொரு எச்டிஎம்எல் பக்கமாக எழுதி வருகிறேன். யார் யாருக்கு என்ன உறவு என்று தேடுபொறிகளுக்கும் புரியட்டுமே என்று ஸ்கீமா.ஆர்க்கின் (பக்கத்தில் உள்ளதைத் தேடுபொறிகளுக்கு விளக்கும் பொதுச் சொல்தொகுப்பு) 'பெர்சன்' வகையை ஜேசன்-எல்டியில் (பக்கத்துக்குள் வைக்கும் தரவு வடிவம்) சேர்க்கிறேன். அதில் பேரன்ட், சில்ட்ரன், ஸ்பவுஸ் என்ற உறவுப் புலங்கள் எல்லாம் சுலபம், அவரவர் பக்கத்து முகவரியைக் கொடுத்து இணைத்துவிடலாம்.

தேதிதான் படுத்துகிறது. தாத்தாவின் ஜாதகத்தில் 'பரிதாபி வருஷம் ஆவணி மாதம்' வரைதான் படிக்க முடிகிறது, நாள் இருந்த ஓரம் செல்லரித்துவிட்டது. அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வருவதால் பரிதாபி 1852-லும் உண்டு, 1912-லும் உண்டு. இவருக்கு 1912 என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஆவணி ஆகஸ்ட் நடுவில் பிறந்து செப்டம்பர் நடுவில் முடிகிறது, பிறந்த தேதிக்கான பர்த்டேட் புலமோ ஐஎஸ்ஓ 8601 வடிவில் (ஆண்டு-மாதம்-நாள் என்று எழுதும் சர்வதேச முறை) ஒற்றைத் தேதி கேட்கிறது. ஜெட்காம் கோப்பில் (வம்சாவளி மென்பொருள்கள் தரவைப் பரிமாறிக்கொள்ளும் வடிவம்) இந்தத் தேதிக்கும் அந்தத் தேதிக்கும் நடுவே என்று எழுத வழி இருக்கிறது. இங்கே வெறும் 1912 என்று போட்டுவிட்டு ஜாதகத்தின் மூல வாசகத்தை டிஸ்கிரிப்ஷன் புலத்தில் வைத்தால் சரியாக இருக்குமா?

அப்புறம் இனிஷியல். அப்பா பெயரை ஃபேமிலிநேம் (குடும்பப் பெயர்) புலத்தில் போட்டால் தலைமுறைக்குத் தலைமுறை குடும்பமே மாறிவிடும், அது அபத்தம். நேமில் முழுப்பெயர், கிவன்நேமில் சொந்தப்பெயர், ஃபேமிலிநேம் காலி என்று விடலாமென்று நினைக்கிறேன் (உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதியை எப்படியும் போடப்போவதில்லை). இப்படிச் செய்தவர்கள் யாராவது இருந்தால் ஒரு ஆளுக்கான நிரல்துண்டை மட்டும் இங்கே ஒட்டுங்களேன், பெயர்களை மாற்றிப் போட்டாலும் பரவாயில்லை.