ஒரே ஆக்‌ஷன், இரண்டு பேரல்: டார்க் எவ்வளவு? ஹெட்ஸ்பேஸ் ஒவ்வொரு முறையும் பார்க்கணுமா?

பத்தாம்வளையம்:

வணக்கம். ரெமிங்டன் 700 அச்சில் செய்த கஸ்டம் ஆக்‌ஷன் (பேரல் ஏறும் உடம்பான ரிசீவரும் அதில் ஓடும் போல்ட்டும்). மரை 1 1/16 அங்குலம், அங்குலத்துக்கு 16 புரி. ரீகாயில் லக் (சுடும் உதையை ஸ்டாக்குக்குக் கடத்தும் கட்டை) ஆக்‌ஷனோடு ஒரே துண்டு. இதற்கு .308 வின்செஸ்டரில் ஒன்று, 6.5 க்ரீட்மோரில் ஒன்று என ஷோல்டர் (ரிசீவரின் முகத்தில் முட்டி நிற்கும் படி) வைத்த இரண்டு பேரல். இரண்டையும் கன்ஸ்மித் இதே ஆக்‌ஷனில் பொருத்திப் பார்த்துத்தான் சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) வெட்டியிருக்கிறார். போல்ட் முகம் இரண்டுக்கும் 0.473 அங்குலம் என்பதால் போல்ட்டை மாற்றும் வேலை இல்லை. பேரல் வைஸும் பின்பக்கமாக நுழைக்கும் ஆக்‌ஷன் ரென்ச்சும் கையில் இருக்கின்றன. டார்க் (பேரலை இறுக்கும் முறுக்குவிசை) விஷயத்தில் 40 அடி-பவுண்டிலிருந்து 100 வரை ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை எடுத்துக்கொள்வது? ஸ்டாக்கிலிருந்து கழற்றியே ஆகணுமா? ஹெட்ஸ்பேஸை, அதாவது மூடிய போல்ட் முகத்துக்கும் சேம்பரில் தோட்டா முட்டி நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரத்தை, மாற்றும் ஒவ்வொரு முறையும் கேஜ் போட்டுப் பார்க்கணுமா? பழைய ஜீரோ (குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும் ஸ்கோப் அமைப்பு) அப்படியே திரும்புமா?

மரைப்பட்டறை:

முதலில் போல்ட்டை உருவி, சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பாருங்க. தோட்டா எதுவும் அந்த மேசைப் பக்கமே இருக்கக் கூடாது.

ஸ்டாக்கைக் கழற்ற வேண்டியதில்லை. பின்பக்க ரென்ச்சின் பயனே அதுதான். ஆனா ரென்ச்சின் தலை முன்னால இருக்கிற ரிசீவர் ரிங் வரைக்கும் போய், போல்ட் லக் ஓடும் தடத்தில உட்காரணும். பாதியிலேயே நின்னா முறுக்கு முழுக்க ஆக்‌ஷனின் நடு உடம்புல, அதாவது போர்ட் (தோட்டா போடும் திறப்பு) வெட்டின மெலிஞ்ச பகுதியில விழும். கன்னக்கட்டை தடுத்தா அதை மட்டும் எடுத்துடுங்க. ஸ்டாக்கைப் பிடிச்சு எதிர்விசை கொடுக்கவே கூடாது, பெடிங் (ஆக்‌ஷன் ஸ்டாக்கில உட்காரும் படுகை) போயிடும். துப்பாக்கியின் எடையைத் தாங்க பின்னால ஒரு மணல்பை போதும்.

வைஸ்ல பேரலை ரிசீவருக்கு ஒட்டின உருளைப் பகுதியில பிடிங்க. கூம்பாகிற இடத்தில பிடிச்சா நழுவும். அலுமினியமோ பித்தளையோ புஷ் போட்டு, நடுவில ஒரு சுற்றுக் காகிதம். அதுக்கும் நழுவினா காகிதத்தில கொஞ்சம் ரோசின் பொடி தூவுங்க. வைஸை இன்னும் இறுக்குறது கடைசி வழியா இருக்கட்டும். பின்னாலிருந்து பார்க்கும்போது ஆக்‌ஷனை இடப்பக்கமா சுத்தினா கழலும். மெதுவா இழுத்துக்கிட்டே இருக்காம நீளமான கைப்பிடியில சட்டுன்னு ஒரு தட்டு, விட்டுடும்.

இனி முக்கியமான இடம். ஷோல்டரின் முகம், ரிசீவரின் முகம், இரண்டு மரை, எல்லாத்தையும் கரைப்பான் தொட்ட துணியால துடைங்க. மரை முடிஞ்சு ஷோல்டர் தொடங்குற அந்த மூலையில பழைய பேஸ்ட் கருப்பா கெட்டிப்பட்டு நிக்கும். துணி அங்க போகாது, நைலான் பிரஷ் வேணும். பிறகு மரையிலும் ஷோல்டர் முகத்திலும் ஆன்டி-சீஸ் பேஸ்ட், மெல்லிசா. ஸ்டெயின்லெஸ் பேரல் ஸ்டெயின்லெஸ் ஆக்‌ஷனில காய்ஞ்சு ஏறினா மரை ஒன்னோடொன்னு கடிச்சுக்கும், அப்புறம் இரண்டுமே பாழ். கையாலேயே சுத்தி ஷோல்டர் தட்டுற வரைக்கும் போகணும். நடுவில இறுகினா ரென்ச் போடாதீங்க, திருப்பி எடுத்து மறுபடி துடைங்க.

டார்க் 55 அடி-பவுண்டு, அதாவது சுமார் 75 நியூட்டன் மீட்டர். 50, 60 எதுவும் தப்பில்ல. எண்ணை விட, அடுத்த முறையும் அதே எண், அதே பேஸ்ட், அதே அளவு பூச்சு என்பதுதான் கணக்கு. பேஸ்ட் இருந்தா உராய்வு குறையும், அதே டார்க்குக்கு இழுவிசை கூடும். ஒரு தடவை பூசி ஒரு தடவை காய்ஞ்ச மரையில ஏத்தினா டார்க் ரென்ச் ஒரே எண்ணைக் காட்டினாலும் இரண்டும் ஒன்னு இல்ல.

முதல் தடவை சரியா இறுக்கின பிறகு, பேரலுக்கும் ரிசீவருக்கும் குறுக்கே பக்கவாட்டில ஒரு மெல்லிய கோடு கீறி வைங்க, ஸ்டாக் மறைக்காத உயரத்தில. பேரலுக்கு ஒரு கோடு. அடுத்த முறை அது அதே இடத்துக்கு வரணும்.

காற்றுக்கொடி:

டார்க்கில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. 30 அங்குல நீளக் கனமான பேரல், வண்டியில் கிடந்து குலுங்கிக்கொண்டு போகும் துப்பாக்கி என்றால் 80 அடி-பவுண்டு, அதாவது சுமார் 108 நியூட்டன் மீட்டர் வைப்பேன். பெஞ்சிலேயே மாற்றி பெஞ்சிலேயே சுடுபவருக்கு 55 போதும். சுடும்போது தானாகக் கழலுமோ என்ற பயம் வேண்டாம். வலச்சுற்று ரைஃப்ளிங்கில் குண்டைச் சுழற்றும் எதிர்விசை பேரலை வலக்கை மரையில் இறுக்கும் பக்கம்தான் தள்ளுகிறது. இடச்சுற்றுப் பேரல் வைத்திருப்பவர்தான் கவலைப்பட வேண்டும்.

ஜீரோ: ஸ்கோப் ரிசீவரில் இருப்பதால் அதே பேரல் திரும்ப ஏறும்போது பழைய இடத்துக்கு அருகில் வரும். அப்படியே வரும் என்று நம்பிப் போட்டிக்குப் போகாதீர்கள். இரண்டு பேரலுக்கும் நடுவே பல எம்.ஓ.ஏ. (கோண நிமிடம்) வித்தியாசம் இருப்பது சாதாரணம், பக்கவாட்டிலும் இருக்கும். 100 மீட்டரில் ஒவ்வொன்றுக்கும் ஜீரோ செய்து, ஒன்றை அடிப்படையாக வைத்து மற்றதை “மேலே இத்தனை கிளிக், வலமாக இத்தனை கிளிக்” என்று குறித்துக்கொள்ளுங்கள். கால் எம்.ஓ.ஏ. கிளிக் ஒன்று 100 மீட்டரில் சுமார் 7.3 மி.மீ. நகர்த்தும். மாற்றிய பின் சில குண்டு சுட்டு பேரலைப் பழக்கிவிட்டு, ஐந்து குண்டுக் குழுவின் நடுவை வைத்துத் திருத்துங்கள். முதல் குண்டைப் பார்த்தே டரட்டை (ஸ்கோப்பின் திருகை) திருப்புவது வீண் வேலை.

எஃப்-கிளாஸுக்கு (ஸ்கோப்பும் தாங்கியும் வைத்துத் தொலைதூரம் சுடும் போட்டி; எஃப்-டிஆர், எஃப்-ஓப்பன் என இரு பிரிவு) என்றால் தராசில் ஏற்றிப் பாருங்கள். எஃப்-டிஆர் வரம்பு பைபாடோடு சேர்த்து 8.25 கிலோ, எஃப்-ஓப்பனில் 10 கிலோ. எஃப்-டிஆரில் .223 ரெமிங்டனும் .308 வின்செஸ்டரும் மட்டுமே செல்லும் என்பதால் உங்கள் க்ரீட்மோர் ஓப்பனுக்குத்தான். இரண்டு பேரலின் வெளி வடிவம் வேறு என்றால் ஸ்டாக்கின் பேரல் தடத்தில் ஒரு தாள் முழு நீளத்துக்கும் தடையில்லாமல் ஓடுகிறதா என்பதையும் பாருங்கள்.

கேஸ்கழுத்து:

ஹெட்ஸ்பேஸ் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. ப்ளேசர் ஆர்8 மாதிரி போல்ட் நேராகப் பேரலிலேயே பூட்டிக்கொள்ளும் அமைப்பில் ஹெட்ஸ்பேஸ் பேரலோடு வந்துவிடும். சாவேஜ் பாணியில் நட்டு வைத்த பேரலில் ஒவ்வொரு முறையும் கேஜை வைத்துத்தான் அளவே உருவாகிறது, அங்கே கேஜ் இல்லாமல் தொடவே முடியாது. உங்களுடையது ஷோல்டர் வகை, நடுவில் நிற்கிறது. கோட்பாட்டில் தானாகச் சரியாக வரும். இருந்தும் ஒவ்வொரு முறையும் கேஜ் போடுங்கள், இரண்டு நிமிட வேலை.

.308-க்கு கோ கேஜ் 1.630 அங்குலம், நோ-கோ 1.634. கோவில் போல்ட் கைப்பிடி முழுதாக இறங்க வேண்டும், நோ-கோவில் இறங்கக் கூடாது. பார்க்கும் முன் போல்ட்டிலிருந்து ஃபயரிங் பின் தொகுதியையும் எஜெக்டரையும் எடுத்துவிடுங்கள். ஸ்பிரிங் அழுத்தம் இருந்தால் விரல் நுனிக்கு எதுவும் தெரியாது. க்ரீட்மோருக்குத் தனி கேஜ் வேண்டும். நாளைக்கு .243 பேரல் வாங்கினால் .308 கேஜே போதும்.

அதே காரணத்தால்தான் ஆபத்தும். .243, .260, 7மிமீ-08 மூன்றும் .308 கேஸிலிருந்து (தோட்டாவின் பித்தளைக் கூடு) கழுத்தைச் சுருக்கிச் செய்தவை. மூன்றும் .308 சேம்பரில் நுழையும், போல்ட்டும் மூடும். சுட்டால் சின்ன குண்டு பெரிய துளையில் போகும், கேஸ் கழுத்து கிழியும், வாயு பின்னால் வரும். எந்த பேரல் ஏறியிருக்கிறதோ அதன் பெயரை போல்ட் கைப்பிடிக்குப் பக்கத்தில் டேப்பில் எழுதி ஒட்டுங்கள், மற்ற தோட்டாப் பெட்டி ரேஞ்சுக்கே வர வேண்டாம்.

ரீலோடு செய்தால் (சுட்ட கேஸை மறுபடி நிரப்பினால்), ஒரே காலிபரில் பிறகு இன்னொரு பேரல் வரும்போது பழைய டை (கேஸை மறுஅளவாக்கும் அச்சு) அளவை அப்படியே விடாதீர்கள். அந்தச் சேம்பரில் சுட்ட கேஸை அளந்து, கேஸின் ஷோல்டரை (கழுத்துக்குக் கீழுள்ள சரிவை) 0.001 முதல் 0.002 அங்குலம் மட்டும் பின்னே தள்ளுங்கள்.

பத்தாம்வளையம்:

நன்றி. .308 பேரலை இன்று ஏற்றினேன், 55 அடி-பவுண்டு. கோ கேஜில் மூடுகிறது, நோ-கோவில் மூடவில்லை. ஆனால் கன்ஸ்மித் கீறிய கோடு 2 மி.மீ. முன்னாடியே நின்றுவிட்டது. கேஜ் சரி என்பதால் இப்படியே விட்டுவிடலாமா?

மரைப்பட்டறை:

விடாதீங்க. 16 புரி என்றால் ஒரு முழுச் சுத்துக்கு 1.5875 மி.மீ. நகரும். ரிசீவர் விட்டம் 35 மி.மீ. வாக்கில இருந்தா, சுற்றளவு கிட்டத்தட்ட 110. அப்போ வெளிப்பரப்பில 1 மி.மீ. விலகல் உள்ளே சுமார் 0.015. உங்க 2 மி.மீ. என்பது 0.03 மி.மீ. கோவுக்கும் நோ-கோவுக்கும் நடுவில 0.1 மி.மீ. இடம் இருக்கிறதால கேஜ் அதைக் காட்டிக் கொடுக்கல.

பிரச்சினை ஹெட்ஸ்பேஸ்ல இல்ல. ஷோல்டரின் ஒரு பக்கம் ஏதோ மாட்டி, மறுபக்கம் உட்காராம இருக்கலாம். அப்படின்னா பேரல் சாஞ்சு நிக்கும், சூடேறச் சூடேற குழு நகரும்.

முதல்ல ஒன்னு கேட்டுக்கோங்க: கன்ஸ்மித் கோடு போட்டப்போ என்ன டார்க், பேஸ்ட் போட்டிருந்தாரா? அவர் 80 வெச்சிருந்தா 55-ல கோடு கொஞ்சம் முன்னாடி நிக்கிறது இயல்பு. அவரும் 55 தான்னா கழற்றி, அந்த மூலையை பிரஷ்ஷால் சுத்தம் பண்ணி, ஷோல்டர் முகத்தில மார்க்கர் மை பூசி, பேஸ்ட் இல்லாம கையால மட்டும் மெதுவா தட்டுற வரை ஏத்தி இறக்குங்க. சுத்திலும் ஒரே மாதிரி தேய்ஞ்சிருந்தா முகம் நல்லா இருக்கு, மாட்டினது அழுக்குதான். ஒரே ஒரு இடத்தில மட்டும் பளபளன்னு பொட்டு தெரிஞ்சா அங்க பிசிறு. ரிசீவர் பக்கத்தைத் தொடாம, பேரல் பக்கப் பொட்டை மட்டும் நுண்ணிய எண்ணெய்க்கல்லைத் தட்டையா வெச்சு இரண்டு மூணு இழுப்பு. அரம் வேண்டாம். அதுக்கும் கோடு வரலன்னா லேத்ல முகத்தைப் பார்க்கிறவர்கிட்டயே கொடுத்துடுங்க.