சீசன் கடைசியில் ஸ்கீ இழுப்பதும் புது போட்டை மூடி வைப்பதும்: ஒரு சந்தேகம்

திருப்பாலை_துடுப்பு:
17 அடி ஃபைபர் போட், 60 எச்பி நாலு ஸ்ட்ரோக் அவுட்போர்டு (போட் பின்பக்கம் வெளியே மாட்டுற இன்ஜின்), இன்ஜெக்ஷன் மாடல். இதுவரை 7 மணி நேரம்தான் ஓடியிருக்கு. மதுரையிலிருந்து டிரெய்லரில் மண்டபம் கொண்டுபோய் வடக்குக் கரையில் இறக்குறோம். கச்சான் (தென்மேற்குக் காத்து) முழுசா பிடிக்கிறதுக்குள்ள இன்னும் ரெண்டு வாரம் வாட்டர் ஸ்கீயிங் பார்த்துட்டு, செப்டம்பர் வரை வீட்டு ஷெட்ல போட்டுடலாம்னு எண்ணம். ரன்னிங்-இன் (புது இன்ஜினைப் பழக்குற காலம்) முடியாத இன்ஜினில் ஆள் இழுக்கலாமா? மூடுறதுக்கு முன்னாடி என்ன செய்யணும்?

கிரீஸ்_கை:
முதல் 10 மணி நேரம் தாண்டுற வரைக்கும் ஃபுல் திராட்டில் தொடர்ந்து 5 நிமிஷத்துக்கு மேல வேண்டாம். ஆளைத் தண்ணியிலிருந்து தூக்க சில விநாடி ஃபுல் கொடுக்கிறதுல தப்பில்லை. தூக்கினதும் குறைச்சிடுங்க. ரெண்டு ஸ்கீயில் புதுசா ஏறுறவருக்கு 30-35 கி.மீ. வேகம் போதும். ஒரே ஆர்பிஎம்மில் இழுத்துக்கிட்டே போகாம ஏத்தி இறக்கி ஓட்டுங்க, அப்பதான் பிஸ்டன் ரிங் சிலிண்டர்ல நல்லா உக்காரும். ஆர்பிஎம் கணக்கு உங்க மேனுவல்ல இருக்கும், அதுதான் கடைசி வார்த்தை.

பாம்பன்_வாடை:
இன்ஜினை விட காத்தைப் பாருங்க. கச்சான் காலத்துல வடக்குக் கரை தண்ணி தட்டு மாதிரி இருக்கும், அதை நம்பித்தான் ஏமாறுவாங்க. காத்து கரையிலிருந்து கடலுக்கு வீசுது. இன்ஜின் நின்னா போட் உள்ளே போய்க்கிட்டே இருக்கும், அந்தப் பக்கம் இலங்கை எல்லைக்கோடு வேற. நங்கூரமும் நீளமான கயிறும் இல்லாம இறங்காதீங்க. காலை 9 மணிக்குள்ள முடிச்சிடுங்க. ஓட்டுறவர் முன்னாடி பார்க்கணும், ஸ்கீயில் இருக்கிறவரைப் பார்க்க இன்னொருத்தர் கட்டாயம். விழுந்தவர்கிட்ட போனதும் நியூட்ரல் போதாது, இன்ஜினையே அணைக்கணும். தெற்குப் பக்கம் தீவுகள் மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா, அங்கே வேண்டவே வேண்டாம்.

கூடல்நகர்_டிரெய்லர்:
150 கி.மீ. ஓடின சூட்டோட டிரெய்லரைக் கடல்ல இறக்கினா வீல் பேரிங் போச்சு. சூடான ஹப் சட்டுனு குளிர்ந்தா உள்ளே இருக்கிற காத்து சுருங்கி, சீல் வழியா உப்புத் தண்ணியை இழுத்துக்கும். அரை மணி நேரம் ஆற விடுங்க.

திருப்பாலை_துடுப்பு:
நன்றிண்ணே. ஃப்ளஷ் பண்றதை (கூலிங் பாதையை நல்ல தண்ணியில் கழுவுறதை) வீட்டுக்கு வந்து செய்யலாமா? ஆயில் 20 மணி நேரத்துலதானே மாத்தணும்?

கிரீஸ்_கை:
ஃப்ளஷ் அங்கேயே. நாலு மணி நேரம் ரோட்டுல வந்தா கூலிங் பாதையில் உப்பு காய்ஞ்சு படிஞ்சிடும். அந்தப் பக்கம் நிலத்தடி நீர் பெரும்பாலும் உப்பு, அதனால ஒரு டிரம்ல நல்ல தண்ணி, சின்ன 12 வோல்ட் பம்பு எடுத்துட்டுப் போங்க. ஃப்ளஷ் போர்ட்டில் ஹோஸ் மாட்டி, இன்ஜினை ஓட்டாம 10 நிமிஷம் விடுங்க. தண்ணி இல்லாம ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காதீங்க, கூலிங் தண்ணியை இழுக்கிற இம்பெல்லர் ரப்பர் கருகிடும்.

ஆயிலுக்கு 20 மணி நேரம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ஓடின ஆயில்ல பெட்ரோலும் ஈரமும் கலந்திருக்கும், அதோட மாசக்கணக்கா நிறுத்தக்கூடாது. ஆயில், ஃபில்டர் மாத்திட்டு மூடுங்க. கியர் ஆயிலைக் கீழ் ஸ்க்ரூ வழியா இறக்கிப் பாருங்க. பால் மாதிரி வந்தா தண்ணி புகுந்திருக்கு. பெரும்பாலும் தங்கூசி நரம்பு (மீன்பிடி நைலான் இழை) புரொப்பெல்லர் தண்டுல சுத்தி சீலை அறுத்திருக்கும், புரொப்பெல்லரைக் கழட்டிப் பார்த்தாதான் தெரியும். புது ஆயிலைக் கீழ் ஓட்டை வழியாவே ஏத்தணும், மேல் ஓட்டையில் வழியிற வரைக்கும். ஸ்க்ரூ வாஷர் ரெண்டும் புதுசு போடுங்க.

பெட்ரோல்தான் பெரிய தலைவலி. பங்க்ல கிடைக்கிறது 20 சதவீதம் எத்தனால், ஈரத்தை இழுத்துக்கும். டேங்கில் ஸ்டெபிலைசர் (பெட்ரோல் கெடாம வைக்கிற மருந்து) கலந்து, கடைசி ஓட்டத்துல 10 நிமிஷம் ஓட்டினா இன்ஜெக்டர் வரைக்கும் போயிடும். கார்பரேட்டர் மாடல் மாதிரி பெட்ரோல் தீர்ற வரைக்கும் வறள ஓட்டி நிறுத்தாதீங்க, பெட்ரோல் பம்பு கெட்டுடும்.

கூடல்நகர்_டிரெய்லர்:
பேட்டரியைக் கழட்டி வீட்டுக்குள்ள வைங்க, மாசம் ஒரு தடவை சார்ஜ். இன்ஜின் நிமிர்ந்தே நிக்கணும், சாய்ச்சு வச்சா தண்ணி வடியாது. தார்ப்பாயை இறுக்கி மூடினா மே மாச வெயில்ல சீட்டெல்லாம் பூஞ்சை, காத்து போக வழி விடுங்க. போட்டோட வடிகால் பிளக்கைக் கழட்டி ஸ்டீயரிங்ல கட்டித் தொங்க விடுங்க, செப்டம்பர்ல இறக்கும்போது மறக்காம இருக்க. அப்புறம் எலி. வயரிங் உறையைத்தான் முதல்ல கடிக்கும், இன்ஜின் மூடியை மாசாமாசம் திறந்து பாருங்க.