வீடியோ கேம் ஆடி எடை குறைந்தவர்கள் உண்டா? அனுபவங்களைப் பகிருங்கள்

திரியைத் தொடங்கியவர், சென்னை

உடலை அசைத்து ஆடும் வீடியோ கேம்களால் எடை குறையுமா என்று என் அலுவலகத்தில் இருவர் இந்த வாரம் கேட்டார்கள். நான் ஏறக்குறைய ஓராண்டாக அப்படியொன்றை ஆடிவருவது அவர்களுக்குத் தெரியும். இளைத்திருப்பதும் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் முன்னதால்தான் பின்னது நடந்தது என்று அவர்கள் போடும் கணக்கு அவ்வளவு நேரானதன்று. அதை இங்கே எழுதுகிறேன். உங்கள் அனுபவங்களையும் சொல்லுங்கள்.

நான் ஆடுவது 2019 அக்டோபரில் நின்டெண்டோ ஸ்விட்ச் என்ற கேம் கருவிக்காக வெளிவந்த ரிங் ஃபிட் அட்வென்ச்சர். கையில் பிடித்து அமுக்கவும் இழுக்கவும் ஒரு வளையம். இடது தொடையில் கட்டிக்கொள்ள ஒரு பட்டை. நாம் நின்ற இடத்தில் ஓடினால் திரையில் இருப்பவனும் ஓடுவான். எதிரி குறுக்கே வந்தால் முழங்காலை மடக்கி எழும் ஸ்குவாட் எடுத்தோ வயிற்றுப் பயிற்சி செய்தோ அவனை வீழ்த்த வேண்டும். தலைமை வில்லன் கட்டுடல் பைத்தியம் பிடித்த ஒரு டிராகன். கதை சிறுபிள்ளைத்தனமானதுதான், ஆனாலும் நாற்பது வயதில், ஆட்டத்தின் அடுத்த உலகத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்காக அலாரத்துக்கு முன்பே எழுந்திருக்கிறேன். பணம் கட்டிய ஜிம் எனக்கு அதைச் செய்யவில்லை.

தொடங்கியபோது என் எடை 82.4 கிலோ. வாரம் ஐந்து நாள், காலை ஆறரை மணிக்கு, இரண்டு மாதம் தவறாமல் ஆடினேன். இரண்டு மாத முடிவில் எடை 82.1. எடை இயந்திரத்தின் பேட்டரியை மாற்றிவிட்டு மறுபடியும் ஏறிப் பார்த்தேன். அதே 82.1.

பிறகுதான், அன்றன்றைய ஆட்டத்தின் முடிவில் திரை காட்டும் கணக்கை ஒழுங்காகப் படித்தேன். வளையத்தில் மாட்டியிருக்கும் வலது கைக் கருவியின் சென்சார்மீது கட்டைவிரலை வைத்து நாடித்துடிப்பு பார்த்துக்கொள்ளும் அவசரத்தில் அதுவரை அதைக் கவனித்ததில்லை. டிவி முன்னால் நான் நின்றது நாற்பது நிமிடம்; ஆட்டம் எழுதியிருந்ததோ 17 நிமிடம், 92 கலோரி. உடல் அசைந்த நேரத்தை மட்டுமே அது எண்ணுகிறது. வசனம் கேட்டது, வரைபடம் பார்த்தது, உடை வாங்கியது எதுவும் அதில் சேராது. ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது என்பது வழக்கமான கணக்கு. நாளுக்கு 92 என்றால் ஒரு கிலோவுக்கு 84 நாள் ஆட வேண்டும். வாரம் ஐந்து நாள் ஆடுபவனுக்கு அது 17 வாரம். அதுவும், வியர்த்த பசியில் ஒரு தோசை கூடுதலாக உள்ளே போகாமல் இருந்தால்தான். எனக்குப் போய்க்கொண்டிருந்தது.

அன்று மாலை அலுவலகத்தில் டீ வந்தபோது இன்னொரு கணக்கும் போட்டேன். நாளுக்கு நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை. கரண்டிக்கு நான்கு கிராம் என்றால் 32 கிராம், அதாவது 128 கலோரி. டிராகனோடு போராடி எரித்ததைவிட அதிகமாக டீக்கடைக்காரர் எனக்குத் திருப்பி ஊற்றிக்கொண்டிருந்தார். சர்க்கரையை நிறுத்தினேன், மாலை மிக்சரையும் நிறுத்தினேன், ஆட்டத்தை அப்படியே தொடர்ந்தேன். அடுத்த நான்கு மாதத்தில் எடை 79.3க்கு வந்தது.

ஓர் இடைச்செய்தி. அடுக்குமாடியில் இருப்பவர்கள் ஒலியடக்க முறையில் ஆடுங்கள். அதில் ஓட்டத்துக்குப் பதிலாக முழங்காலை மடக்கி எழுந்தால் போதும். எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. முதல் வாரத்தில் கீழ்வீட்டுப் பாட்டி மேலே வந்து, "ஏன் தம்பி, காலங்காத்தாலே மாவு இடிக்கிறீங்களா?" என்று கேட்ட பிறகுதான் தேடிக் கண்டுபிடித்தேன்.

மறுமொழி, மதுரை

என்னுடையது தோல்விக் கதை; ஆகையால் சுருக்கமாகச் சொல்கிறேன். கைபேசியோடு நடந்து திரிந்து கற்பனை உயிரினங்களைப் பிடிக்கும் போக்கிமான் கோ ஆட்டம் 2016 ஜூலையில் வெளிநாடுகளில் வந்தது. இந்தியாவில் ஜியோவுடன் கைகோத்து அதிகாரபூர்வமாக அறிமுகமானது டிசம்பரில். அப்போது நான் கல்லூரியில் இறுதியாண்டு. அந்நாளில் ஆட்டத்தில் கிடைத்த முட்டைகள் பொரிய வேண்டுமானால் வகைக்கேற்ப 2, 5 அல்லது 10 கிலோமீட்டர் நடக்க வேண்டியிருந்தது. வண்டியூர்த் தெப்பக்குளத்தை நான்கு பேர் சுற்றோ சுற்றென்று சுற்றினோம். என் வாழ்நாளில் அந்த மூன்று வாரம் நடந்ததுபோல் முன்பும் நடந்ததில்லை, பின்பும் நடந்ததில்லை.

பிறகு மூளை வேலை செய்யத் தொடங்கிவிட்டது. வேகமாகப் போனால் தூரம் கணக்கில் வராது என்பதால், நண்பனின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, அவனை நடை வேகத்தில் ஊர்ந்துபோகச் சொல்லி முட்டை பொரித்தோம். நடுவில் பருத்திப்பால் குடிக்க ஒரு நிறுத்தம் வேறு. பொங்கலுக்குள் நால்வரும் விட்டுவிட்டோம்.

அதே டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட ஓர் அமெரிக்க ஆய்வைப் பல ஆண்டுகள் கழித்துப் படித்தபோது சிரிப்பு வந்தது. அந்த ஆட்டத்தைத் தொடங்கியவர்கள் முதல் வாரத்தில் நாளுக்குச் சராசரியாக 955 அடிகள் கூடுதலாக நடந்திருக்கிறார்கள். ஆறாவது வாரத்தில் பழைய நிலைக்கே திரும்பிவிட்டார்கள். எங்கள் நால்வருக்கு ஆறு வாரம்கூடத் தேவைப்படவில்லை.

மறுமொழி, ஸ்காபரோ, கனடா

எடையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள்; என் அனுபவத்தில் எடை அசையவேயில்லை. ஆனாலும் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

யாழ்ப்பாணத்தில் இருந்தவரை சந்தைக்கும் கோயிலுக்கும் நடந்தே போய்வந்த அம்மா, ரொறன்ரோவுக்கு வந்தபின் நவம்பரில் பனி தொடங்கினால் மார்ச் முடியும்வரை வாசற்படி தாண்ட மாட்டார். 2009இல் அவருக்கு 66 வயது. அந்தக் குளிர்காலத்தில் பிள்ளைகளுக்காக நின்டெண்டோவின் வீ என்ற கேம் கருவி ஒன்று வாங்கினோம். அதில் இருந்த பௌலிங் ஆட்டத்தை அம்மாவுக்குப் பேரன் கற்றுக்கொடுத்தான். கையில் பிடிக்கும் கருவியின் பின்பக்கப் பொத்தானை அமுக்கியபடி கையைப் பின்னால் கொண்டுபோய், முன்னால் வீசும்போது விரலை எடுக்க வேண்டும். முதல் நாள் அம்மா பொத்தானைவிட்டு விரலை எடுப்பதற்குப் பதிலாகக் கருவியையே விட்டார். மணிக்கட்டில் மாட்டியிருந்த வார் காப்பாற்றியது.

ஒரு மாதத்துக்குள் பேரன் ஒரு சூட்சுமத்தைக் கண்டுபிடித்துவிட்டான். செற்றியில் சாய்ந்தபடியே மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டினால் போதும், பந்து உருண்டுவிடும். "அம்மம்மா, எழும்பத் தேவையில்லை" என்று அவன் சொல்ல, "இருந்துகொண்டு விளையாடுறது விளையாட்டே?" என்று கேட்டுவிட்டு அம்மா எழுந்து நின்றுதான் வீசுவார். ஒவ்வொரு முறையும் வலது காலை முன்வைத்து, முழங்காலைச் சற்று மடக்கி, பின்னே நிமிர்வார். நாளுக்கு நாற்பது ஐம்பது தடவை இது நடந்தது. வசந்தம் வந்தபோது எடை பழையபடியே இருந்தது. ஆனால் கதிரையின் கைப்பிடியைப் பிடிக்காமல் எழும்பினார். பேரன் மூன்று கிலோ கூடியிருந்தான். ஒரே வீடு, ஒரே ஆட்டம், ஒரே கருவி!

மறுமொழி, இயன்முறை மருத்துவர், திருச்சி

ஸ்காபரோ அன்பரின் மகன் கண்டுபிடித்ததை ஜப்பானில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். வீ ஸ்போர்ட்ஸ், வீ ஃபிட் பிளஸ் என்ற வீ ஆட்டங்கள் இரண்டிலும் உள்ள பயிற்சிகளை, மூச்சுக்காற்றைக் கொண்டு ஆற்றலை அளக்கும் தனியறையில் ஆட்களை ஆடவைத்துச் சோதித்த ஆய்வு அது, 2010இல் வெளிவந்தது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது செலவாகும் ஆற்றலை 1 என்று கொண்டால், மிதமான உழைப்பு என்பது 3 முதல் 6 மடங்கு. சோதித்த பயிற்சிகளில் மூன்றில் இரண்டு பங்கு அந்த 3ஐக்கூட எட்டவில்லை. மிஞ்சியவை மிதமான உழைப்பு. கடும் உழைப்பு என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. சென்னை நண்பர் கொடுத்த எண்களை வைத்துக் கணக்கிட்டால் அவர் ஏறத்தாழ 4 மடங்கில் ஆடுகிறார். அது நல்ல வேக நடைக்கு நிகர். ஆனால் 17 நிமிடம் ஐந்து நாள் என்றால் வாரத்துக்கு 85 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் 2020இல் பெரியவர்களுக்குச் சொன்னது 150 முதல் 300 நிமிடம். நண்பர் பாதி வழியில்தான் நிற்கிறார், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

என்னிடம் வந்த ஒருவரையும் சொல்ல வேண்டும். முப்பது வயதுக்குச் சற்று மேற்பட்டவர், 96 கிலோ, அதே ரிங் ஃபிட். பயிற்சியின் கடுமையை அதில் 30 வரை ஏற்றிக்கொள்ளலாம். இரண்டாவது வாரத்திலேயே 25க்கு மேல் ஏற்றி, டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நூறு நூறாக ஸ்குவாட் போட்டு, இரண்டு முழங்கால் சில்லுகளைச் சுற்றியும் வலியோடு வந்தார். "கேம்தானே சார்" என்பதுதான் அவர் சொன்ன முதல் வார்த்தை. உடலுக்கு அது தெரியாதே. பாய் விரிக்கச் சொன்னேன், பாதி மடக்கினால் போதும் என்றேன், அளவைப் பத்துக்கு இறக்கி மாதம் இரண்டிரண்டாக ஏற்றச் சொன்னேன். ஆறு வாரத்தில் வலி விட்டது, இப்போதும் ஆடுகிறார்.

குழந்தைகள் விஷயம் வேறு. நியூசிலாந்தில் எடை மிகுந்த 322 பிள்ளைகளை வைத்து ஆறு மாதம் நடத்திய சோதனையில், அசைந்து ஆடும் கேம்கள் கொடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்கும் உடல்நிறை குறியீட்டெண்ணில் (பிஎம்ஐ, உயரத்துக்கேற்ற எடையின் அளவு) இருந்த வேறுபாடு 0.24. ஐந்தடி உயரமுள்ள பிள்ளைக்கு அது அரைக் கிலோவைச் சற்றே தாண்டும். அமெரிக்காவில் இன்னொரு குழு, வீ கருவியையும் ஆட்டங்களையும் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு, அவர்கள் உடம்பில் கட்டிய அளவுமானிகளால் பார்த்தபோது, நாள் முழுவதற்குமான உடலசைவு கூடவேயில்லை. லூசியானாவில் நடந்த சோதனை மட்டும் எனக்குப் பிடித்தது. 10 முதல் 12 வயது வரையுள்ள 46 பிள்ளைகள், வீட்டில் உடலசைவைக் கேமராவால் கவனிக்கும் கினெக்ட் கருவி, ஆடும்போது குடும்பத்தினரோ நண்பரோ சேர்ந்துகொள்ள ஏற்பாடு, அவ்வப்போது வீடியோ அழைப்பில் பேச ஒரு பயிற்றுநர். 2018இல் வெளியான முடிவுகளின்படி, வயதுக்கேற்பத் திருத்திய உடல்நிறை அளவு ஆடியவர்களுக்குக் குறைந்தது, மற்றவர்களுக்குக் கூடியது. கருவியைக் கொடுத்துவிட்டுப் போனதற்கும் கூட ஆள் இருந்ததற்கும் உள்ள வேறுபாடு இது என்றுதான் நான் படிக்கிறேன்.

மறுமொழி, கோயம்புத்தூர்

டாக்டர் சொன்ன கடைசி வரியை நான் வீட்டில் பார்த்திருக்கிறேன். என் மகனுக்கு 12 வயது. போன ஜூனில் 51 கிலோ இருந்தான். விளையாட்டு மைதானத்தில் கேலி செய்கிறார்கள் என்று வெளியே போக மறுத்தவன், டிவியில் பாட்டுக்கேற்ப நடனமாடும் ஜஸ்ட் டான்ஸ் கேமை ஆட ஒப்புக்கொண்டான். தனியாக விட்ட இரண்டு வாரத்தில், கருவி கையில் இருக்கும் வலது கையை மட்டுமே ஆட்டம் கவனிக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு, காலை ஊன்றியபடியே ஐந்து நட்சத்திரம் வாங்கினான்.

அதன்பிறகு இரவுச் சமையலுக்கு முன் நானும் பக்கத்தில் நின்று ஆடத் தொடங்கினேன். எனக்கு ஆடவே வராது. என்னைப் பார்த்துச் சிரிப்பதற்காகவே நான்கு பாட்டு முழுதாக ஆடுவான், இடுப்பை வளைக்காவிட்டால் "அம்மா, அழுகுணி ஆட்டம் ஆடாதே" என்பான். டிசம்பரில் அவன் எடை 51தான். நான் சோர்ந்துபோனேன். மருத்துவர்தான் உயரத்தை அளந்து, ஆறு மாதத்தில் நான்கு சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறான், வளரும் பிள்ளைக்கு எடை ஏறாமல் நின்றாலே அது குறைந்ததற்குச் சமம் என்று விளக்கினார். மார்ச்சில் ஆடிட் வேலையால் நான் இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். ஒரே வாரத்தில் அவனும் நிறுத்திவிட்டான். ஏப்ரலில் மறுபடியும் தொடங்கினோம். நாள்களை அவனே காலண்டரில் வட்டமிடுகிறான், நான் வராத நாளுக்குச் சிவப்பு மையால் பெருக்கல் குறி போடுகிறான்.

திரியைத் தொடங்கியவர்

டாக்டர் ஐயா, கோபமெல்லாம் இல்லை. 85 நிமிடம் என்ற கணக்கு எனக்குத் தோன்றவேயில்லை. நேற்று முதல் வசனங்களை எல்லாம் தாண்டிவிட்டு, அசையும் நேரம் 30 நிமிடம் என்று திரை காட்டும்வரை ஆடுவது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு 55 நிமிடம் பிடித்தது, காலைப் பேப்பர் படிக்க நேரமில்லை.

கேட்ட இரண்டு அலுவலக நண்பர்களில் ஒருவர் வளையத்தை ஒரு மாதத்துக்கு இரவல் கேட்டிருக்கிறார். கொடுப்பதாக இருக்கிறேன். அவருக்கும் நாளுக்கு நான்கு டீதான். சர்க்கரையை இந்த மாதம் நிறுத்த வேண்டாம், ஆட்டத்தை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டிருக்கிறேன். அவருடைய எடை இன்று காலை 88.6. மாத முடிவில் வரும் எண்ணை இதே திரியில் எழுதுகிறேன்.