மைவி காருக்கு டயர்: நீண்ட ஓட்டமா, மழைப் பிடிப்பா?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட் தோட்டப் பக்கம், தினமும் 60 கிலோமீட்டர். பாதி செம்மண் சாலை. டயர் அளவு 185/55 ஆர்15. ட்ரெட்வேர் (டயர் பக்கத்தில் எழுதியிருக்கும் தேய்மான எண்) 500 எடுக்கலாமா, 300 எடுக்கலாமா அண்ணே? மழையில் வழுக்கவும் கூடாது, குலுங்கவும் கூடாது.

பதில் 1: தம்பி, 500 என்பது ஒப்பீட்டு எண்தான், கிலோமீட்டர் கணக்கு இல்லை. ஒரு கம்பெனியின் 500-ஐ இன்னொன்றின் 500-ஓடு சமமாக வைக்காதீங்க. பக்கத்திலேயே ஏஏ, ஏ, பி என்று எழுத்து இருக்கும். அது ஈரத்தரையில் பிரேக் பிடிக்கும் திறன். நம்ம ஊர் மழைக்கு ஏ-க்குக் கீழே வேண்டவே வேண்டாம். ரப்பர் கெட்டியானால் ஓட்டம் கூடும், ஈரப் பிடிப்பு பொதுவாகக் குறையும். நான் 400-க்குக் கிட்டத்தில் தேடச் சொல்வேன்.

பதில் 2: குலுக்கலுக்குப் பாதிக் காரணம் காற்று. கதவோரம் ஒட்டியிருக்கும் காற்றழுத்த அளவுக்குச் சரியாக இருக்கா என்று, டயர் சூடாகும் முன் பாருங்க. கூடினால் நடு தேயும், குறைந்தால் இரு ஓரமும். டயரை உள்ளங்கையால் குறுக்கே தடவுங்க: ஒரு திசையில் வழுவழுப்பு, எதிர்த்திசையில் ரம்பம் போல் பிடித்தால் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோண அமைப்பு) தப்பு. எந்த விலை டயரும் அதில் சீக்கிரம் போய்விடும்.

பதில் 3: டயரின் பள்ளக்கோடுகளின் ஆழம் 1.6 மி.மீ. ஆகும் வரை தேயச் சட்டம் விடும். மழைக்கு 3 மி.மீ.யிலேயே மாற்றுங்க. இரண்டு மட்டும் வாங்கினால் புதியதைப் பின் சக்கரங்களில் போடுங்க.